ஆயிரத்து எண்ணூறு ரூபாய்

விலை 1,800 ரூபாய் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் 9,400. நடுவில் இருக்கும் 7,600 ரூபாயை ஒளித்து வைக்கப் போய், அதன் பிறகு செய்த ஒவ்வொன்றையும் அந்தப் பொய்க்குத் தோதாகச் செய்ய வேண்டியதாயிற்று. பொருளை எங்கே வைப்பது, எப்போது சார்ஜ் போடுவது, யாரிடம் என்ன பேசுவது, எல்லாவற்றுக்கும் அந்த 7,600 ரூபாய் வைத்ததுதான் சட்டம். தொழிலில் நான் கணக்கு எழுதுபவன். அடுத்தவர் கணக்கில் ஏழு ரூபாய் இடித்தால்கூட எழுந்து போகமாட்டான் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர்.

பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கையடக்க ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர். சட்டைப் பையில் அடங்கும். அலுமினிய உடம்பு, ஓரத்தில் ஒரு வால்யூம் திருகு, பக்கவாட்டில் இரண்டு சின்ன சுவிட்சுகள்: ஒன்று கெயின், மற்றது பாஸ். போனிலிருந்து ஒரு குட்டை வயர் இதற்குள் வரும்; ஹெட்போனை இதில் செருக வேண்டும். போன் தருகிற சிக்னலை வாங்கிப் பெரிதாக்கி ஹெட்போனுக்குக் கொடுக்கும். அவ்வளவுதான் வேலை. அதற்கு உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி, கீழே சார்ஜ் போடுகிற துளை, அதன் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு.

இது தேவைப்படுகிறவர்கள் உண்டு. 1997-ல் வந்த சென்ஹைசர் எச்டி 600 போன்ற ஹெட்போன்களின் மின்தடை 300 ஓம். பேயர்டைனமிக் டிடி 880-ல் 600 ஓம் வகையே இருக்கிறது. பேட்டரியில் ஓடுகிற சின்னக் கருவிகள் கொடுக்கும் வோல்டேஜ் இவற்றுக்குப் பத்தாது. 1998-ல் சூ மோய் என்பவர் ஒரு எளிய ஆம்ப் வரைபடத்தை வெளியிட்டார். ஒரு ஐசி, சில ரெசிஸ்டர், கப்பாசிட்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி. எல்லாம் சேர்ந்து ஆல்டாய்ட்ஸ் என்கிற பெப்பர்மின்ட் தகர டப்பாவுக்குள் அடங்கிவிடும். பொழுதுபோக்காக சால்டரிங் செய்கிறவர்கள் உலகம் முழுக்க அதைச் செய்து பார்த்தார்கள். அவர்களுக்கெல்லாம் தேவை என்று ஒன்று இருந்தது.

எனக்கு இல்லை. இதை எனக்குச் சொன்னவர், சென்னையில் மின்னணுச் சாமான் விற்கும் ரிச்சி தெருவின் கடைக்காரர் ஒருவர்.

"என்ன ஹெட்போன் சார் வச்சிருக்கீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். "அது முப்பத்திரண்டு ஓம் ஆச்சே. இதுக்கு எதுக்கு சார் ஆம்ப்? போனே தள்ளும்" என்றார். விற்கிறவரே வேண்டாம் என்கிற அதிசயம் ரிச்சி தெருவில் தினமும் நடப்பதில்லை. கும்பிட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். "இல்லீங்க, எனக்கு டீட்டெயில் வேணும்" என்றேன். எங்கோ படித்த சொல். கடைக்காரர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் ஏணியில் ஏறிப் பெட்டியை எடுத்தார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு எனக்கு வரும். வேண்டிய நேரத்தில் போடுவதில்லை, அவ்வளவுதான். சாதாரண போன் அரை வோல்ட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 32 ஓமில் அது சுமார் 8 மில்லிவாட். என் ஹெட்போன் ஒரு மில்லிவாட்டுக்கே 100 டெசிபல் சத்தம் போடும். 8 மில்லிவாட்டுக்கு 109. காதைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓட அதுவே போதும். அதே அரை வோல்ட் 300 ஓம் ஹெட்போனில் ஒரு மில்லிவாட்டைக்கூட எட்டாது. ஆம்ப் அவர்களுக்கானது. நான் வாங்கியது 200 மில்லிவாட் வரை தள்ளும். என் ஹெட்போனில் அது 123 டெசிபல். அந்தச் சத்தத்தில் எந்த மனிதனும் எதையும் கேட்பதற்கில்லை.

பிறகு ஏன் வாங்கினேன்? சின்ன வயதிலிருந்தே சொந்தக்காரர்கள் மத்தியில் நான் "காது உள்ளவன்". கல்யாணக் கச்சேரியில் சுருதி விலகினால் முதலில் நெளிகிறவன் நான்தான் என்று பெரியப்பா எல்லாரிடமும் சொல்லுவார். பாடவும் வராமல், ஒரு வாத்தியமும் பழகாமல், சும்மா நெளிந்ததற்கே கிடைத்த பட்டம் அது. ஐம்பதை நெருங்கும்போது, அந்தப் பட்டத்துக்கு ஓர் அத்தாட்சி தேவைப்பட்டது. அலுமினிய உடம்போடு, திருகோடு, கையில் எடுத்துக் காட்டுகிற மாதிரி.

வாங்கி வந்த அன்றே வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. தெரிந்தே ஆக வேண்டும், 9,400 ரூபாய். மிருதங்கத்தின் தொப்பி இப்போதுதான் தனியாகக் காதில் விழுகிறது என்றேன். இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பைப் போட்டு, 1986-லிருந்து கேட்கிற இசையில் இத்தனை நாள் இந்த வயலின்கள் எங்கே ஒளிந்திருந்தன என்று மனைவியிடம் ஆச்சரியப்பட்டேன். எம்.டி. ராமநாதனின் பழைய கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டபோது நன்றாகக் கேட்டது டேப்பின் இரைச்சல்தான். அதையும் "பதிவின் நேர்மை" என்று சொல்லிக்கொண்டேன். என் வெட்கத்தில் பாதி இந்த வார்த்தைகளுக்காக.

நடந்தது மிகச் சாதாரணம். கெயின் சுவிட்சை மேலே தள்ளியிருந்தேன். சத்தம் கூடியிருந்தது. 1933-லேயே பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியிருக்கிறார்கள்: சத்தம் குறைவாக இருக்கும்போது பாஸ் ஒலிகள் மனிதக் காதுக்கு ரொம்பவும் மங்கலாகத்தான் கேட்கும், சத்தத்தைக் கூட்டினால் அவை மற்றவற்றைவிட வேகமாக மேலே வரும். தொப்பி "தனியாக" கேட்டது அதனால்தான். போனில் இரண்டு படி கூட்டியிருந்தாலும் கேட்டிருக்கும். செலவில்லாமல்.

இப்போது சார்ஜ் போட்ட கதைக்கு வருகிறேன். கதையின் மோசமான பகுதி அது.

1,800 ரூபாய்ப் பொருள் என்று சொல்லியாகிவிட்டது. 1,800 ரூபாய்ப் பொருளை யாரும் போற்றிப் பாதுகாக்க மாட்டார்கள். ஹாலில் டிவி பக்கத்தில் போட்டு சார்ஜ் ஏற்றலாம்தான். ஆனால் வீட்டுக்கு வரும் மச்சினன் மின்னணுச் சாமான்களின் விலையெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவன். கம்பெனிப் பெயரைப் பார்த்தால் போனைத் தட்டி விலையை வாசித்துவிடுவான். அதனால் படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால் இருந்த பிளக் பாயிண்டில் சார்ஜரைச் செருகி, வயரை மேலே இழுத்து, பீரோ தலையில் சூட்கேஸுக்குப் பின்னால் ஆம்பை வைத்தேன். இரவில் அந்தச் சிவப்பு விளக்கு கூரையில் தெரிந்தது. அதன் மேல் ஒரு பழைய துண்டைப் போட்டேன்.

எங்கள் வீடு மேல் தளம். தலைக்கு மேல் மொட்டை மாடி. மே மாதத்தில் சாயங்காலம் பீரோ மேல் கை வைத்தால் சுடும். காங்கிரீட் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி முழுக்கக் கக்கும். அங்கே, துண்டுக்கு அடியில், எப்போதும் சார்ஜில் செருகியபடி, அந்தப் பேட்டரி கிடந்தது. ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பிடுங்க வேண்டியிருந்ததால், பிடுங்காமல் விடுவதே சுலபமாக இருந்தது.

போனின் வேக சார்ஜரைப் போட்டதுதான் கெடுத்தது என்று கொஞ்ச காலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். சார்ஜர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், எவ்வளவு கரண்ட் இழுப்பது என்று தீர்மானிப்பது கருவிக்குள் இருக்கும் சார்ஜிங் ஐசிதான். கருவி கேட்காமல் சார்ஜர் 5 வோல்டுக்கு மேல் போகாது. கெடுத்தவை இரண்டு. ஒன்று சூடு. மற்றது, எந்நேரமும் பேட்டரி முழுதாக நிரம்பியே இருந்தது. லித்தியம் அயான் செல் நிரம்பினால் 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்த நிலையில் உள்ளே இருக்கும் திரவம் எலெக்ட்ரோடுகளோடு மெல்ல வினைபுரிந்துகொண்டே இருக்கும். சூடு சேர்ந்தால் வினை வேகமாகும், வாயு உண்டாகும். நீண்ட நாள் எடுத்து வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில், குளிர்ச்சியான இடத்தில் வை என்று சொல்வது இதனால்தான். பெட்டியோடு வந்த காகிதத்திலேயே கிட்டத்தட்ட இதை அச்சடித்திருந்தார்கள். அந்தக் காகிதத்தை பில்லோடு சேர்த்து ஒளித்து வைத்திருந்தேன்.

மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருந்த சில ராத்திரிகளில் சார்ஜில் இருக்கும்போதே பாட்டு கேட்டேன். மெலிதாக ஓர் ஊளை. பாட்டு நின்ற இடைவெளியில் அது மட்டும் கேட்கும். ஆம்பைத் தொட்டால் விரல் நுனியில் சுருசுருவென்று இருக்கும். இரண்டு பின் சார்ஜரில் எர்த் கிடையாது; இரைச்சலை அடக்குவதற்காக உள்ளே வைக்கும் ஒரு சின்னக் கப்பாசிட்டர் வழியாக மெயின்ஸ் மின்சாரத்தில் ஒரு துளி உலோக உடம்புக்கு வந்துவிடும். ஒழுங்கான சார்ஜரில் அது ஆபத்தான அளவு இல்லை. ஊளையும் சார்ஜர் சமாச்சாரம்தான். கேபிளைப் பிடுங்கினால் இரண்டும் நின்றுவிடும். நான் பிடுங்கவில்லை. 'டீட்டெயில்' வேண்டும் என்று வாங்கியவன், ஊளையோடு ராமநாதன் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மனைவி வீட்டில் இருக்கும் நாட்களிலும் ராத்திரியில் ஹெட்போன்தான். அவள் படுத்துக்கொண்டே அன்றைய பள்ளிக்கூடக் கதையைச் சொல்லுவாள். உதடு அசைவதைப் பார்த்து நடுநடுவே "ம்" போடுவேன். 1979-ல் சோனி வெளியிட்ட முதல் வாக்மேனில் ஹெட்போன் துளைகள் இரண்டு இருந்தன. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டனும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டு அடங்கி, பக்கத்தில் இருப்பவர் பேசுவது மைக் வழியே கேட்கும். ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதையில்லை என்று சோனியின் அகியோ மொரிட்டாவுக்குத் தோன்றியிருக்கிறது. வீட்டில் சோதித்துப் பார்த்தபோது தன் மனைவிக்குக் கோபம் வந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். அவர் உடனே இன்னொரு துளை போடச் சொன்னார். நான் "ம்" போட்டேன். ஒருமுறை அந்த "ம்" தவறான இடத்தில் விழுந்து, அவளுடைய சித்தி பையன் கல்யாணத்துக்கு ஐயாயிரம் மொய் வைக்க ஒப்புக்கொண்டவனானேன்.

காது விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவன். ரயில் சத்தத்தை அமுக்க வால்யூமைக் கூட்டுவேன். போன் மட்டும் இருந்த காலத்தில், ஒரு கட்டத்துக்கு மேல் கூட்டினால் 'அதிகச் சத்தம் காதுக்குக் கெடுதி' என்று திரையில் எச்சரிக்கை வரும். ஆம்ப் வந்த பிறகு போனில் பாதிதான் வைத்திருப்பேன். மீதியைத் திருகில் கூட்டுவேன். திருகுக்குத் திரையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு, 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம் என்பது. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரத்துக்கே நாலு மணி நேரம்தான். அதை நான் திங்கள், செவ்வாயிலேயே முடித்துவிடுவேன்.

அமைதியான அறையில் ஒரு "ங்ஙீ" சத்தம் விடாமல் கேட்க ஆரம்பித்தபோது டாக்டரிடம் போனேன். ஒலிபுகா அறையில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம். அதிகச் சத்தத்தால் கெட்ட காதில் பள்ளம் விழும் இடமே பெரும்பாலும் அதுதான். உட்செவியின் முடிச்செல்கள் ஒருமுறை செத்தால் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. "ஹெட்போன் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். "எப்பவாவது" என்றேன். பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் "வயசாகுதுல்ல" என்று எழுதி அனுப்பினார். வைத்தியரிடம் பொய் சொல்கிறவனுக்கு அதற்கேற்ற வைத்தியம்தான் கிடைக்கும்.

மகள் பிளஸ் டூ. பிளஸ் ஒன் இயற்பியலில் ஒலி அலைகளைப் படித்து முடித்திருந்தாள். "நிஜமாவே வித்தியாசம் தெரியுதாப்பா?" என்று கேட்டாள். தெரியாமல் என்ன என்றேன். சோதித்துப் பார்க்கலாம் என்றாள். என் பழைய மல்டிமீட்டரை எடுத்தாள். 100 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு, போனில் நேராகச் செருகினாலும் ஆம்ப் வழியாகச் செருகினாலும் ஒரே மில்லிவோல்ட் வரும்படி திருகைச் சரிசெய்தாள். பாஸ் சுவிட்சை அணைத்தாள். என் கண்ணைத் துப்பட்டாவால் கட்டினாள். பிறகு மாற்றி மாற்றிச் செருகி, எது ஆம்ப், எது போன் என்று ஒவ்வொரு முறையும் கேட்டு ரஃப் நோட்டில் குறித்துக்கொண்டாள். நானும் தலையைச் சாய்த்து, தாடையைத் தடவி, தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வந்தேன். கட்டை அவிழ்த்தபோது நோட்டைக் காட்டினாள். பாதி சரி, பாதி தப்பு. காசைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தாலும் அதே மார்க்தான்.

அவள் சிரிக்கவில்லை. ஆம்பைத் திருப்பிக் கம்பெனிப் பெயரைப் பார்த்தாள். போனை எடுத்தாள். "அப்பா, இது ஒன்பதாயிரத்து..." என்று தொடங்கினாள். "அம்மாகிட்ட சொல்லாதே" என்றேன். "சரி" என்றாள். பதினேழு வயதுப் பெண்ணை அவள் அம்மாவிடம் மறைக்கச் சொன்னேன். அவள் அதற்குக் கூலியாக எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பின் ஆம்பைத் தொட மனமில்லை. பீரோ மேலிருந்து இறக்கி, பீரோவுக்குள்ளேயே, பட்டுப் புடவைகளுக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் அடியில் தள்ளினேன். சுவிட்சை அணைத்தேனா என்று பார்க்கவில்லை. அங்கே அது காலியாகி, காலியாகவே கிடந்தது. லித்தியம் செல்லுக்கு எப்போதும் நிரம்பியிருப்பது ஒரு கேடு என்றால், அடியோடு வற்றிக் கிடப்பது இன்னொரு கேடு. ஓர் அளவுக்குக் கீழே வோல்டேஜ் இறங்கினால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும்; திரும்ப சார்ஜ் போடும்போது கரைந்த செம்பு கண்ட இடத்தில் படியும். முதல் கேட்டைச் செய்து முடித்து, இரண்டாவதையும் செய்தேன்.

திரும்ப சார்ஜும் போட்டேன். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவருக்காக. இசையில் ஆசை உள்ளவர். "சார், நீங்க ஆம்ப் வச்சுக் கேப்பீங்களாமே, ஒருநாள் கொண்டுவாங்க சார்" என்று பின்னாலேயே வந்தார். இதில் ஒன்றுமில்லை தம்பி, என் பொண்ணு சோதித்துப் பார்த்துவிட்டாள் என்று சொல்ல அரை நிமிடம் ஆகும். மறுநாள் கொண்டுபோனேன். கெயினை மேலே தள்ளி, பாஸைப் போட்டு, அவர் காதில் மாட்டினேன். கண்கள் விரிந்தன. "தெரியுதுல்ல?" என்றேன். "செமையா தெரியுது சார்!" என்றார். தெரியாமல் எப்படி இருக்கும், சத்தம் இரண்டு மடங்கு. அப்போது அவர் ஆம்பைத் தடவிப் பார்த்து, "சார், பின்பக்கம் மூடி லேசா தூக்கியிருக்கே?" என்றார்.

"அது டிசைன் அப்படி" என்றேன்.

அவர் அந்த வாரமே இதைவிடப் புது மாடல் ஒன்றை மாதத் தவணையில் வாங்கினார். அவருடைய ஹெட்போனும் 32 ஓம்தான். வாங்கிய மறுநாள் சார்ஜ் ஏறவில்லை என்று போன் செய்தார். நிபுணனாயிற்றே நான். "கம்பெனி ஃபால்ட். மாத்திக் குடுக்கச் சொல்லுங்க, விடாதீங்க" என்றேன். கடையில் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். கடைப் பையன் இரண்டு முனையும் டைப்-சி ஆக இருந்த இவருடைய கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஒரு முனை பழைய அகல யுஎஸ்பி உள்ள கேபிளைச் செருகியிருக்கிறான். விளக்கு எரிந்துவிட்டது. சி-க்கு-சி கேபிளில் சார்ஜர் தானாகக் கரண்ட் விடாது. மறுமுனையில் ஒரு கருவி இருக்கிறது என்று தெரிவிக்க, கருவிக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வேண்டும். அதை வைக்காமல் வரும் கருவிகள் நிறைய. பழைய வகைக் கேபிளில் இந்தக் கேள்வியே எழாது. இதையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். தெரியாது என்று அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. நாலு பேர் முன்னால் அவமானப்பட்டது அவர்.

மூடி தூக்கியது டிசைன் இல்லை என்று எனக்குத் தெரியும். கட்டைவிரலால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போய்த் திரும்ப எழும்பும். மேஜையில் வைத்தால் ஆடும். பேட்டரி வீங்கியிருக்கிறது, அமுக்கினாலோ குத்தினாலோ உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். கணக்காகச் சொன்னால் ஐந்தரை வாட்-மணிதான், சின்ன பேட்டரி. பட்டுப் புடவைக்கும் பத்திரத்துக்கும் அது தாராளம். தெரிந்துகொண்டே அதைக் கொண்டுபோய் அதே இடத்தில் வைத்தேன். வெளியே எடுத்தால் என்ன இது, ஏன் இப்படி, எவ்வளவு என்று வரிசையாகக் கேள்வி வரும். 7,600 ரூபாய்க்காக நாங்கள் மூன்று பேரும் தூங்குகிற அறையில் அதை வைத்திருந்தேன். விலையில் சொன்ன பொய்யை யாரும் மன்னித்துவிடுவார்கள். இதைச் சொல்ல இன்னும் வாய் கூசுகிறது.

ஒரு நல்ல நாளைக்குப் புடவை எடுக்கப் போன மனைவி அதைக் கையில் பிடித்தபடி ஹாலுக்கு வந்தாள். "என்னங்க இது, பூரி மாதிரி உப்பியிருக்கு?" கையை நீட்டி மெதுவாக வாங்கினேன். மகள் என்னைப் பார்த்தாள். அவளை இன்னொரு முறை பொய்க்குத் துணை நிற்கவிட முடியவில்லை. விலையைச் சொன்னேன். பேட்டரியையும் சொன்னேன். மனைவி 9,400-ஐக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "தெரிஞ்சேவா உள்ள வச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. மகள், "அப்பா, அதை முதல்ல மாடிக்குக் கொண்டுபோங்க" என்றாள். பழைய பெயின்ட் டப்பாவில் மணலைப் போட்டு, அதில் வைத்து, மொட்டை மாடி நிழலில் கொண்டுபோய் வைத்தேன்.

வீங்கிய பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. குப்பை வண்டி நசுக்கினால் வண்டியே எரியும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளும் அதைச் சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ தனியாக ஒப்படைக்கத்தான் சொல்கின்றன. டப்பாவோடு ரிச்சி தெருவுக்குப் போனேன். அதே கடைக்காரர். பிளாஸ்டிக் பட்டை ஒன்றால் ஓரத்தை நெம்பி, அவசரமில்லாமல் செல்லை வெளியே எடுத்தார். வெள்ளிப் பொட்டலம், மேலே 504060 என்று அச்சு. "இதான் சைஸ் சார். அஞ்சு மில்லிமீட்டர் கனம், நாப்பது அகலம், அறுபது நீளம்" என்று சொல்லிக்கொண்டே வெர்னியரை வைத்தார். கனம் ஒன்பதைத் தாண்டியிருந்தது. "எங்க சார் வச்சிருந்தீங்க?" என்றார். சொன்னேன். பழைய செல்லைத் தனியாக ஒரு தகரப் பெட்டியில் போட்டுவிட்டு, புதுசை வைத்து, வயரைப் பற்றவைத்து மூடினார். டீட்டெயில் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

இப்போது அது ஹாலில், வெறும் தரையில், எல்லார் கண் முன்னாலும் சார்ஜ் ஏறுகிறது. விளக்கு அணைந்ததும் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் பிடுங்கிவிடுகிறார்கள். கெயின் கீழேதான் இருக்கிறது. ஹெட்போனில் பெரும்பாலும் மகள்தான் கேட்கிறாள், ஆம்ப் இல்லாமலே. காது மறுபரிசோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறேன். இந்த முறை டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடச் சொல்லி மனைவி கூட வருகிறாள்.

மிச்சம் இருப்பது அலுவலகத் தம்பி. அவருக்கு இன்னும் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை கேன்டீனில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அடுத்த மாடல் வந்திருக்கிறதாம், பவர் இதைவிட இரண்டு மடங்காம், இதைப் பழைய விலைக்குத் தள்ளிவிட்டு அதை எடுக்கலாம் என்று இருக்கிறாராம். "நீங்க சொன்னா வாங்கிடறேன் சார்" என்றார். தட்டில் இருந்த தோசையைப் பார்த்துக்கொண்டு, "யோசிச்சு திங்கக்கிழமை சொல்றேன்" என்றேன்.